நங்கூரத்துக்குத் தனி விலை

மார்ச் 4

வாலு,

போனை வைத்தது நான்தான். கோபம் வந்தால் எனக்கு வார்த்தை தடித்துவிடும், உனக்கு அழுகை வந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் சொல்ல வந்தது நடுவில் எங்கேயோ விழுந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அன்றைக்கு நீ பாதி கேட்பதற்குள் சிரித்துவிட்டாய்.

எங்கள் லேபில் பல் செட்டுக்கு மெருகு போடுகிறவரைப் போன வாரம்தான் உங்கள் 'விளக்குத் தீவு' விளையாட்டில் சேர்த்துவிட்டேன். புதிதாக ஒருவரைச் சேர்த்தால் எனக்கு இரண்டு பீப்பாய் எண்ணெய் இலவசம் என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள். மனிதர் தனக்குப் 'பொக்கைவாய்' என்று பெயர் வைத்துக்கொண்டு குஷியாக விளையாடினார். மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடையைத் திறந்தோம். அதே பத்துப் பீப்பாய். அதே படம், அதே சிவப்பு நாடா. அவருக்குத் தொண்ணூறு. எனக்கு நானூற்றி ஐம்பது.

என் போன்தான் கெட்டுவிட்டது என்று அணைத்துப் போட்டேன். மறுபடியும் நானூற்றி ஐம்பது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், உங்களுக்கு மட்டும் தங்கப் பீப்பாயா?" என்றார். பிளாஸ்டர் கலக்குகிற பெண் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆறு வருஷமாக அந்தத் தீவில் இருக்கிறேன். உனக்கு அங்கே வேலை கிடைத்து, படகும் கடல்காக்கையும் வரைந்தது நீ என்பதற்காகத்தான் அதைப் போனில் இறக்கினேன். விளக்கு அணைந்தால் 'துறை' என்கிற எங்கள் குழுவில் உள்ள முப்பது பேரின் கப்பலும் நின்றுவிடும் என்பதால் காய்ச்சலில் கிடந்த நாளிலும் எண்ணெய் ஊற்றியவள் நான். அந்த முப்பது பேருக்கும் இப்போது நான்தான் தலைவி. விசுவாசமாக இருந்ததற்கு அபராதமா? பழைய வாடிக்கை என்றால் கடைக்காரன் ஒரு கை அள்ளிக் கூடப் போடுவான். உங்கள் கடையில் தராசையே திருப்பி வைப்பீர்களா?

நீ அங்கே இருக்கிறாய். உனக்குத் தெரிந்திருக்கும். சொல்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

உறையைப் பார்த்ததுமே திட்டு என்று தெரிந்துவிட்டது. கோபத்தில் எழுதினால் உன் எழுத்துக்கெல்லாம் கொம்பு முளைக்கும்.

இது ஊர் கூட்டிப் பேசுகிற விஷயமே இல்லை. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஓடிவிடுவார்கள், அதனால் அவர்களுக்குக் குறைத்துக் காட்டுவோம். உனக்குக் கூட்டவில்லை, அவருக்குக் குறைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை. சந்தையில் ஆளைப் பார்த்து விலை சொல்வதில்லையா? விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்கள் ஒரே விலையா கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?

இன்னொன்று. நூறு பேர் விளையாடினால் தொண்ணூற்றைந்து பேர் சல்லிக்காசு கொடுப்பதில்லை. மிச்சம் ஐந்து பேர் கொடுப்பதில்தான் இந்தக் கட்டடமே நடக்கிறது. படம் வரைகிறவர்களை வெளியே அனுப்பியபோது என்னை மட்டும் அனுப்பாமல் வருமானப் பிரிவில் போட்டார்கள். அந்தச் சம்பளம்தான் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு மாதமும் வீட்டுக்கு வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அப்போது நீ கேட்கவில்லை.

இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தாலும் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய். இருக்கட்டும்.

யாரும் உன் கழுத்தில் கத்தி வைத்து வாங்கச் சொல்லவில்லை அக்கா. விலை பிடிக்கவில்லையென்றால் வாங்காதே. அவ்வளவுதான்.

நிஜமாகக் கேட்கிறேன், இதுவரை எவ்வளவு வாங்கியிருக்கிறாய்? வீட்டில் மாமாவுக்குத் தெரியுமா?

வாலு


மார்ச் 17

வாலு,

அப்பா விஷயத்தை எழுதினாய். சரி, எழுதிவிட்டாய். நான்கு மாதமும் அவருக்குத் துணி மாற்றியது யார் என்று நானும் எழுதலாம். எழுதவில்லை.

எவ்வளவு என்று கேட்டாய். கூட்டிப் பார்க்கப் பயம், அதனால் கூட்டவில்லை. சொந்தமாக ஒரு சின்ன லேப் போட வேண்டும், அதற்கு ஒரு மெஷின் வாங்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேனே, அது இப்போது இல்லை. மெஷின் விலை ஏறிவிட்டது என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் பாவம், ஒவ்வொரு மாதமும் "இன்னுமா ஏறுது?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கத்தி வைக்கவில்லை என்கிறாய். கத்தி வைத்திருந்தால் ஓடியிருப்பேன். துறைப் போட்டியில் தோற்ற அடுத்த நிமிடம், மூச்சு இறங்குவதற்குள், 'ஒரே ஒரு பீப்பாய் போதும்' என்று கடை திறக்கிறது. இரண்டு நாள் எட்டிப் பார்க்காமல் இருந்தால் போனில் செய்தி வருகிறது: 'வந்துட்டியா? முகம் கழுவிட்டு வா. விளக்கு ஏத்தி வெச்சிருக்கேன்.'

அது அம்மா சொல்வது. பள்ளியிலிருந்து வந்து நாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து வரும் குரல். முதல் தடவை அதைப் படித்தபோது வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். என் தங்கை எழுதியது என்று பக்கத்து மேஜைக்காரிகளிடம் காட்டினேன். இப்போது அதே செய்தி வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். எங்கே தூண்டிலைப் போட்டால் நான் கடிப்பேன் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

இதெல்லாம் என் தலையெழுத்து. இன்னொன்று இருக்கிறது, அதுதான் என்னை உட்கார விடவில்லை.

எங்கள் துறையில் 'கரண்டி' என்று ஒருவர் உண்டு. ஏதோ மாணவர் விடுதியில் சமையல்காரர். வாய் நிறையக் கிண்டல். போன மாதப் போட்டியில் எங்களுக்கு நாற்பது பீப்பாய் குறைந்தது. எல்லோரையும் விரட்டினேன். அவரிடம் மட்டும் தனியாகப் பேசினேன்: "நீங்க ஒருத்தர்தான் பாக்கி. இருபத்தொன்பது பேரும் உங்களையே பார்த்துட்டு இருக்காங்க." வாங்கிப் போட்டார். ஜெயித்தோம். மறுநாள் எல்லோருக்கும் எழுதினார்: "வண்டியைக் குடுத்து வெற்றியை வாங்கியாச்சு. இனிமே நடராஜா சர்வீஸ்தான்." தன் இரண்டு சக்கர வண்டியை விற்றிருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டும் படம் அனுப்பினேன்.

உங்கள் கம்பெனியில் என்னை என்னவென்று எழுதி வைத்திருக்கிறீர்கள்? பார்த்துச் சொல்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

பார்த்தேன். பார்க்கக் கூடாது. சொந்தக்காரர்களின் பக்கத்தைத் திறந்தால் வேலை போகும் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் பெயர் இல்லை. ஒரு எண். எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நங்கூரம்.

விலையை ஏற்றினாலும், கடையில் சாமானைக் குறைத்தாலும், கூட இருப்பவர்களை விட்டுப் போக மனசு வராதவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. எங்கள் அதிகாரி கூட்டத்தில் சொல்வார்: "காத்தாடிக்குக் கம்மி விலை, நங்கூரத்துக்குத் தனி விலை. காத்தாடி பறந்துடும். நங்கூரம் எங்க போகும்?" எல்லோரும் சிரிப்போம். நானும்.

உனக்குக் கூட்டவில்லை என்று போன கடிதத்தில் எழுதியது பொய். கூட்டியிருக்கிறது. எட்டு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு தடவையும் நீ வாங்கியிருக்கிறாய்.

நங்கூரங்களின் பட்டியலை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டபோது, 'முதல் வருஷத்து ஆட்களிடமிருந்து' என்று சொன்னது நான்தான். நீ முதல் வருஷத்து ஆள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வரவில்லை என்று எழுதிவிட்டேன். வந்ததோ என்னவோ. வந்து, நான் வேறு பக்கம் பார்த்தேனோ என்னவோ.

அம்மாவின் பேச்சை எழுதியதும் நான்தான். வேறு ஒன்பது வாசகங்களோடு போட்டி வைத்தார்கள். அதுதான் ஜெயித்தது. அன்றைக்கு எனக்காகக் கேக் வெட்டினார்கள்.

உன் சமையல்காரருக்கும் நங்கூரம் இருக்கிறது. கீழே குறிப்பு: 'தலைவி கேட்டால் வாங்குவார்.' உன் பக்கத்தில் இருக்கும் குறிப்பு: 'சொன்னால் மற்றவர்களை வாங்க வைப்பார்.' ஒவ்வொரு போட்டிக்கும் முந்தின நாள் உனக்கு மட்டும் ஐந்து பீப்பாய் அன்பளிப்பாக வருமே, அது அதற்குத்தான்.

தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே.

வாலு


ஏப்ரல் 2

வாலு,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீ சொன்னது எதையும் யாரிடமும் சொல்லவில்லை. இது சத்தியம்.

ஆனால் சும்மாவும் இருக்க முடியவில்லை. மூன்று நாள் மெழுகில் பல் அடுக்கினேன், மூன்று செட்டும் கடி சரியில்லை என்று திரும்பி வந்தது. நான்காம் நாள் துறையில் ஒரே ஒரு கேள்வி போட்டேன்: 'பத்துப் பீப்பாய் உங்க கடையில என்ன விலை? அவங்கவங்க பாத்து எழுதுங்க.'

அவ்வளவுதான் கேட்டேன்.

இருபத்தெட்டு பேர் பதில் போட்டார்கள். ஒன்பது விதமான விலை. புதிதாகச் சேர்ந்தவருக்குக் குறைச்சல், ஆறு வருஷக்காரர்களுக்கு உச்சம். அப்புறம் பொக்கைவாய், "அப்ப வயசானா பல்லும் போகும், பணமும் போகுமா?" என்று எழுதினார். அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டது. அந்தப் பட்டியலை யாரோ பக்கத்துத் துறைக்கு அனுப்ப, அவர்களும் கேட்க, இப்போது எங்கே பார்த்தாலும் இதே பேச்சு.

என்னை எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. பாதிப் பேர் என் மேல்தான் பாய்ந்தார்கள். "வாங்கு வாங்குன்னு நச்சரிச்சது நீங்கதானே? இப்ப வந்து விலை கேக்கறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். பதில் எழுத ஆரம்பித்து நான்கு தடவை அழித்தேன்.

கரண்டி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. தன் விலையைக்கூடப் போடவில்லை. அவர் விளக்கு அணைந்து ஐந்து நாளாகிறது. நேற்று ஏழு பேர் துறையை விட்டுப் போய்விட்டார்கள். நான் இன்னும் தினமும் எண்ணெய் ஊற்றுகிறேன், ஏன் என்று கேட்காதே.

உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருக்கிறாய். ஆகிவிட்டது.

இந்த விலைப் பட்டியல் எந்தத் துறையிலிருந்து கிளம்பியது என்று தேடினார்கள். தேட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தத் துறையின் தலைவி யார், அவள் பக்கத்தைச் சமீபத்தில் யார் திறந்தது என்று பார்த்தார்கள். மார்ச் இருபத்து நாலு, பகல் பன்னிரண்டே கால், என் எண். நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரி இன்றைக்கு என்னோடு சாப்பிட வரவில்லை. அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

சத்தியம் செய்கிறாய், சொல்லவில்லை என்கிறாய். நான் கதவைத் திறந்து காட்டினேன், நீ வீட்டுக்கே தீ வைத்துவிட்டு, "நான் சாவியை யாருக்கும் கொடுக்கலை" என்கிறாய். உனக்கு எப்போதும் இப்படித்தான். உன் மனசு ஆற வேண்டும், அதற்கு யார் தலை உருண்டாலும் பரவாயில்லை.

அதனால் என்ன லாபம் என்று தெரியுமா? நேற்று விலையை ஒன்றாக்கிவிட்டார்கள். எல்லோருக்கும் நானூற்றி ஐம்பது. புதியவர்களுக்கு மட்டும் 'வரவேற்புத் தள்ளுபடி.' இதுதான் நீ வாங்கிக் கொடுத்த நியாயம். பொக்கைவாயிடம் சொல்லிவிடு.

இந்த வாடகை, இந்தக் கடன், எல்லாம் இந்த வேலையை நம்பித்தான். எனக்குப் படம் வரையக் கை மறந்துவிட்டது அக்கா. வேறு எங்கே போய் என்ன தெரியும் என்று சொல்வேன்? 'யாரை எவ்வளவு கறக்கலாம்னு தெரியும்' என்றா?

பதில் எழுதாதே.

வாலு


ஏப்ரல் 15

வாலு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உன் பத்து மணி என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஒரு வாரமாக நான் சாப்பிடுவது உடம்பில் ஒட்டவில்லை. போனைக் கையில் எடுத்து எடுத்து வைக்கிறேன். நானே போட்ட தடை, நானே மீற வெட்கம்.

என் மனசு ஆறத்தான் செய்தேன் என்கிறாய். இருக்கலாம். ஆறவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கரண்டியைப் பார்க்கப் போனேன். துறையில் ஒருவரிடம் விடுதியின் பெயரைக் கேட்டு வாங்கி, இரண்டு பஸ் மாறி, அதன் பின்வாசலுக்கு. நான் நினைத்து வைத்திருந்தது மீசையும் தொந்தியுமாக ஒரு ஆள். இவர் ஒல்லி. ஐம்பத்தைந்து வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். யாரென்று சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"தலைவியா? குரல்ல நல்ல உயரமா இருந்தீங்களே!"

முக்காலியைத் துடைத்துப் போட்டார். டீ கொடுத்தார். கொஞ்ச நேரம் என் வேலையைப் பற்றி விசாரித்தார். பிறகு அண்டாவைக் கிளறிக்கொண்டே பேசினார்.

"வண்டி போனது பெரிசில்லைங்க. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டேதான் இருந்தார். ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தக் கம்பெனிக்காரன் நேரா என்கிட்ட வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனா? கதவையே திறந்திருக்க மாட்டேன். நீங்க கேட்டீங்க. அதான் குடுத்தேன்."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்கு இதுல ஏதாவது பங்கு குடுத்தாங்களா?"

"பங்கெல்லாம் இல்லை. பீப்பாய் குடுத்தாங்க."

"எத்தனை?"

"அஞ்சு."

"அஞ்சா," என்றார். திட்டவில்லை. கரண்டியை அண்டாவின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் பஸ்ஸில் எனக்கு உட்கார்ந்து வர முடிந்திருக்கும். இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அவர் சொன்னதையே உனக்கும் சொல்ல வேண்டும். ஊரில் எவ்வளவோ விளையாட்டு இருக்கிறது, யாருக்கும் நான் ஒரு காசு கொடுத்ததில்லை. உன் கை பட்டது என்பதால் கொடுத்தேன்.

வேலை போயிருந்தால் போகட்டும். பின் அறையில் மாமா அடுக்கி வைத்திருக்கும் பழைய டயர்களை எடுத்தால் உனக்கு இடம் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 23

அக்கா,

வேலை போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பத்து மணிக்குப் போனேன். அதிகாரி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். நான் உன் பக்கத்தைத் திறந்த பதிவு.

"யாரு இது?"

"எங்க அக்கா."

"நல்ல மூளை. நம்மகிட்ட இருந்திருக்க வேண்டியவங்க," என்று சிரித்தார். "இந்தத் தாளைப் பத்தி அப்புறம் பேசலாம். முப்பதாயிரம் பேர் போயிட்டாங்க. பாதிப் பேர் பழைய ஆளுங்க. அவங்களுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேணும். உங்களை மாதிரி யாரும் எழுத மாட்டாங்க."

எழுதினேன் அக்கா. இருபது நிமிடம்தான் ஆனது. 'விளக்கை ஏற்றியவர்கள் நீங்கள். அந்த வெளிச்சத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கத் தவறியவர்கள் நாங்கள்' என்று தொடங்கினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நிஜமாகவே மன்னிப்புக் கேட்கிறேன் என்றுகூட நினைத்தேன். கடைசியில் 'நன்றிப் பரிசாக மூன்று பீப்பாய்' என்று அவர்கள் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றே நாளில் பதினெட்டாயிரம் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அதிகாரி என் மேஜைக்கு வந்து அந்தத் தாளை என் கண்ணெதிரே கிழித்துப் போட்டார். சம்பளமும் கூட்டியிருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரி மறுபடியும் என்னோடு சாப்பிட வருகிறாள்.

உனக்கும் அந்தக் கடிதம் வந்திருக்கும். நீ திரும்பப் போனாயா? வேண்டாம், சொல்லாதே. இல்லை, சொல்.

வாலு


ஏப்ரல் 30

வாலு,

வந்தது. படித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ எழுதியது என்று தெரிந்தும் வந்தது, அதுதான் கொடுமை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தீவைச் சுற்றிப் பார்த்தேன். எதுவும் வாங்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் பாங்க் கார்டு இப்போது அவரிடம் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு, "மெஷின் விலை நிஜமா எவ்ளோதான்?" என்று கேட்டார். அது ஏறவே இல்லை என்றேன். பணம் போனதற்குக்கூட அவருக்கு அவ்வளவு கோபம் வரவில்லை, இதற்கு வந்தது. நான்கு நாளாக என்னிடம் 'ம்' என்ற ஒரே எழுத்தில் குடித்தனம் நடத்துகிறார்.

தலைவி பதவியை விட்டுவிட்டேன். இப்போது யார் தலைவர் தெரியுமா? கரண்டி. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர்களில் அவரும் ஒருவர். சம்பளத்தில் முன்பணம் வாங்கிப் பீப்பாய் வாங்கியிருக்கிறார். பதறிப்போய்ப் போன் செய்தேன்.

"மன்னிப்பே கேட்டுட்டாங்களேம்மா," என்றார். "இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரு மன்னிப்புக் கேட்டிருக்கா? விடுதி வார்டன் கேட்டிருக்காரா, என் பையன் கேட்டிருக்கானா? அவ்ளோ பெரிய கம்பெனி கேக்குது. நாம கொஞ்சம் பெரிய மனசு பண்ண வேண்டாமா?"

எவ்வளவோ சொன்னேன். என் பேச்சு எடுபடவில்லை. எப்படி எடுபடும்? அவருக்கு நான் ஐந்து பீப்பாய்க்காரி.

அதனால் நீ எழுத வேண்டும். கம்பெனி பெயரில் இல்லை, என் தங்கை என்று உன் பெயரில், அவர் ஒருவருக்கு மட்டும். நங்கூரம் என்றால் என்ன, அவர் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது, அந்த மன்னிப்பை எழுத எத்தனை நிமிடம் ஆனது, எல்லாம். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அழகாக எழுதித் தொலைக்காதே.

அக்கா


மே 9

அக்கா,

அவருக்கான கடிதம் இதோடு இருக்கிறது. உறையை ஒட்டவில்லை, நீயும் படித்துவிட்டுக் கொடு. ஆறு நாள் ஆயிற்று. எந்த வரியை எழுதினாலும் அது தானாக அழகாகிவிடுகிறது. படிக்கிறவருக்கு என் மேல் இரக்கம் வருகிற மாதிரி ஒரு வளைவு வளைந்துவிடுகிறது. அடித்து அடித்து எழுதினேன். மிச்சம் இருப்பது ஒன்றரைப் பக்கம். அதில் நல்ல வரி ஒன்றுகூட இல்லை என்று நம்புகிறேன்.

நேற்று வேலையை விட்டுவிட்டேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நடந்தது இதுதான். கூட்டத்தில் அடுத்த வேலை கொடுத்தார்கள். மன்னிப்புக் கடிதம் படித்துத் திரும்பி வந்தவர்களைத் தனிப் பட்டியலாகப் பிரிக்க வேண்டுமாம். "ஒருதடவை மன்னிச்சவங்க மறுபடியும் மன்னிப்பாங்க," என்றார் அதிகாரி. நங்கூரம் மாதிரி அவர்களுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பெயர் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது அக்கா. நல்ல பெயர். எல்லோரும் சிரித்திருப்பார்கள். அதைச் சொல்லாமல் எழுந்து வெளியே வந்து, மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

மாதக் கடைசிக்குள் இந்த அறையைக் காலி செய்ய வேண்டும். டயர்களை நிஜமாகவே எடுத்துவிட்டீர்களா? மாமா என்ன சொன்னார்? எனக்கும் சேர்த்து 'ம்'தானா?

வாலு


மே 16

வாலு,

நேற்று அவரிடம் கொடுத்தேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். 'தலைவி கேட்டால் வாங்குவார்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நான் குழாயடியில் போய் நின்றுகொண்டேன்.

கடைசியில் கேட்டார். "இதை எழுதினதுக்கு அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமா?"

"அவளே விட்டுட்டா."

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"முதல்ல வந்துச்சே, அது எவ்ளோ நல்லா இருந்துச்சு. படிச்சதும் மனசு லேசாச்சு. ரெண்டு நாள் பாட்டுப் பாடிட்டேதான் சமைச்சேன். இது நல்லாவே இல்லைங்க. இதைப் படிச்சுட்டுப் பாட்டெல்லாம் வராது."

உன் எழுத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "எப்படி வெளிய வர்றதுன்னு காட்டுங்க. உள்ள போற வழி எல்லா இடத்துலயும் இருக்கு, வெளிய போற வழியைக் காணோம்." இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு தேடினோம். ஏழாவது பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது. அழுத்தினால் நான்கு தடவை கேட்கிறது. 'உண்மையாகவே போகிறீர்களா?' 'உங்கள் துறையினர் என்ன நினைப்பார்கள்?' மூன்றாவதில் துறையில் இருக்கிறவர்களின் விளக்கையும் வரிசையாகக் காட்டி, அவருடையதை மட்டும் அணைத்துக் காட்டியது. அங்கே அவர் கை நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் மறுபடியும் தலைவி ஆகிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அவரே அழுத்தினார். நான்காவதையும் அழுத்தினார். திரை வெறுமையாகிவிட்டது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்து, "உங்களுது?" என்று கேட்டார்.

பஸ் வந்துவிடும் என்று சொல்லி எழுந்துவிட்டேன். பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வெயிலில் நின்றேன்.

அவரை வெளியே கொண்டுவர ஓடினேன், உன்னைக் குற்றம் சொல்ல ஓடினேன். என்னுடையது இன்னும் போனில் அப்படியே இருக்கிறது வாலு. எண்ணெய் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன், விளக்கு அணைந்துவிட்டது, ஆனால் எடுத்துவிட மனசு வரவில்லை. ஆறு வருஷம். இரண்டு தடவை மூன்றாவது கேள்வி வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். லேபில் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தால் அடுத்த நிமிடம் கை அதைத் தேடிப் போகிறது.

டயரெல்லாம் போய்விட்டது. விற்றது மாமாதான், அறைக்கு வெள்ளை அடித்ததும் அவர்தான். "வேலையை விட்டுட்டு வர்றவளுக்கு இருட்டு அறையா குடுப்பாங்க?" என்றார். இரண்டு வாரத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

எந்த வண்டி என்று எழுது, நானே வருகிறேன். வந்ததும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், தொடவும் வேண்டாம். நான் அழுத்துகிறேன்.

அக்கா